ஒரே ஆள்... 7 இடம்! பேஸ்பால் அணிகள் வலைவீசித் தேடும் 'யூட்டிலிட்டி பிளேயர்': அப்படி என்ன ஸ்பெஷல்?

2025 அக்டோபர் 31. கனடாவின் டொரான்டோ நகரம். பேஸ்பால் உலகின் பெரிய கோப்பையான வேர்ல்ட் சீரிஸின் 6-வது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-1 என முன்னிலையில் இருக்கிறது. ஆனால் நடப்பது கடைசி இன்னிங்ஸ். டொரான்டோ புளூ ஜேஸ் அணிக்கு 2-வது பேஸிலும் 3-வது பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். ஒரு அவுட்தான் ஆகியிருக்கிறது. ஒரு நல்ல அடி விழுந்தால் ஸ்கோர் சமன். இந்த ஆட்டத்தில் தோற்றால் டாட்ஜர்ஸுக்கு கோப்பை இல்லை.

ஆந்த்ரேஸ் ஹிமெனெஸ் அடித்த பந்து இடது பக்கம் சீறிக்கொண்டு போகிறது. லெஃப்ட் ஃபீல்டில் நின்ற கீக்கே ஹெர்னாண்டஸ் முன்னால் ஓடிவந்து பிடிக்கிறார். ஒரு அவுட். நிற்கவில்லை, அதே வேகத்தில் பந்தை 2-வது பேஸுக்கு எறிகிறார். பந்து தரையில் விழுந்துவிடும் என்று நம்பி முன்னால் ஓடிவிட்ட அடிசன் பார்ஜர் திரும்பி வருவதற்குள் பந்து வந்துவிட்டது. இன்னொரு அவுட். ஆட்டம் முடிந்தது. அடுத்த நாள் நடந்த 7-வது ஆட்டத்தையும் வென்று டாட்ஜர்ஸ் கோப்பையைத் தூக்கியது.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஹெர்னாண்டஸின் சொந்த இடம் லெஃப்ட் ஃபீல்ட் கிடையாது. சரியாகச் சொன்னால், அவருக்குச் சொந்த இடம் என்று ஒன்றே கிடையாது! கேட்சர் இடத்தைத் தவிர மைதானத்தின் மற்ற 8 இடங்களிலும் மேஜர் லீக்கில் ஆடியவர் அவர். இப்படிப்பட்டவர்களைத்தான் பேஸ்பாலில் 'யூட்டிலிட்டி பிளேயர்' என்கிறார்கள்.

ஒரு காலத்தில் 'பெஞ்சில் உட்காருகிற ஆள்' என்று பார்க்கப்பட்ட இவர்களுக்கு இன்று பல கோடி டாலர் ஒப்பந்தம் கிடைப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை: 9 பேர், 9 இடம்

பேஸ்பாலில் களத்தில் நிற்பது 9 பேர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. பந்து எறியும் பிட்சர் 1, பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிக்கும் கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. வெளிப்பகுதியில் லெஃப்ட் ஃபீல்ட் 7, சென்டர் ஃபீல்ட் 8, ரைட் ஃபீல்ட் 9.

கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நிற்பவரை அடுத்த ஓவரில் மிட்-ஆஃபுக்கு அனுப்பலாம், யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒவ்வொரு இடமும் ஒரு தனி வேலை.

பேஸ்களுக்கு இடையே தூரம் 27.4 மீட்டர். அடித்தவர் அதை ஓடிக் கடக்க நாலு நொடி சொச்சம்தான் ஆகும். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி, உடம்பைத் திருப்பி, ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாக வேண்டும். தேர்ட் பேஸில் நிற்பவருக்கு யோசிக்கவே நேரம் இருக்காது, அடித்த வேகத்தில் பந்து முகத்துக்கு நேராக வரும். சென்டர் ஃபீல்டில் நிற்பவருக்கோ வேறு பிரச்னை: பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே அது எங்கே விழும் என்று கணித்து ஓட ஆரம்பிக்க வேண்டும்.

கையுறைகூட வேறு வேறு. உள்வட்ட வீரர்களுக்கு, பந்தைச் சட்டென்று எடுத்து எறிய வசதியாகச் சின்ன கையுறை. வெளிவட்ட வீரர்களுக்கு, எட்டிப் பிடிக்க வசதியாக நீளமான கையுறை. ஃபர்ஸ்ட் பேஸுக்கும் கேட்சருக்கும் முற்றிலும் வேறு வடிவம். அதனால் யூட்டிலிட்டி பிளேயரின் பையைத் திறந்தால் மூன்று, நான்கு கையுறைகள் இருக்கும்.

நம்ம ஊர் ஆல்ரவுண்டர் மாதிரியா?

இல்லை. கிரிக்கெட் ஆல்ரவுண்டர் என்றால் பேட்டிங், பவுலிங் இரண்டும் தெரிந்தவர். பேஸ்பாலில் அதற்குச் சமமானவர் ஷோஹெய் ஓட்டானி. பந்தும் எறிவார், ஹோம்ரனும் அடிப்பார். அவரை 'டூ-வே பிளேயர்' என்பார்கள்.

யூட்டிலிட்டி பிளேயர் வேறு ரகம். கிட்டத்தட்ட கே.எல்.ராகுல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஓப்பனிங் இறங்குவார், 2023 உலகக் கோப்பையில் 5-வது இடத்தில் இறங்கினார், அதே தொடரில் விக்கெட் கீப்பிங்கும் செய்தார். அவர் ஒருவர் இருந்ததால் அணியில் இன்னொருவருக்கு இடம் கிடைத்தது அல்லவா? அந்த 'இன்னொருவருக்குக் கிடைக்கும் இடம்'தான் இந்த மொத்தக் கதையின் மையம்.

26 பேர் கணக்கு: எங்கே இடிக்கிறது?

மேஜர் லீக் அணி ஒன்று சீசனின் பெரும்பகுதிக்கு 26 பேரை வைத்துக்கொள்ளலாம். கேட்க நிறைய மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

- 26 பேரில் பிட்சர்கள் 13 பேர் வரை. எல்லா அணியும் அந்த உச்சவரம்பு வரை போகும்.
- மீதி 13 பேர். அதில் 9 பேர் அன்றைய ஆட்டத்தில் பேட்டிங் வரிசையில் இருப்பார்கள். களத்தில் நிற்கும் 8 பேர், பேட்டிங்குக்கு மட்டும் வரும் 'டெசிக்னேட்டட் ஹிட்டர்' ஒருவர்.
- பெஞ்சில் இருப்பது 4 பேர்.
- அதில் ஒருவர் கட்டாயம் மாற்று கேட்சர். அந்த வேலையை வேறு யாரையும் நம்பிக் கொடுக்க முடியாது.

ஆக, மிச்சம் 3 பேர். இந்த 3 பேரைக் கொண்டு உள்வட்டத்தில் 4, வெளிவட்டத்தில் 3 என மொத்தம் 7 இடங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு இடத்துக்கு ஒரு ஆள் என்றால் கணக்கு உதைக்கிறது.

இன்னொரு விதி இதை மேலும் இறுக்குகிறது. பேஸ்பாலில் ஒருமுறை வெளியே எடுக்கப்பட்ட வீரர் அதே ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. முக்கியமான கட்டத்தில் வேறொருவரை பேட்டிங்குக்கு அனுப்பினால், அவர் யாருக்குப் பதிலாக வந்தாரோ அந்த ஆள் அன்றைக்கு அவ்வளவுதான். ஆட்டம் 12, 13 இன்னிங்ஸ் என்று இழுத்தால் மேனேஜர் கையில் ஆளே இருக்காது.

சீசனும் சின்னது இல்லை. ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். யாருக்காவது தசைப்பிடிப்பு, யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது ஓய்வு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். காயப் பட்டியலில் சேர்த்தால் குறைந்தது 10 நாள் ஆட முடியாது என்பதால், சின்ன வலிக்கெல்லாம் அதில் சேர்க்கவும் மாட்டார்கள்.

முன்பு நிலைமை இவ்வளவு மோசமில்லை. 1980-களில் 25 பேர் அணியில் 10 பிட்சர்கள் இருப்பது சாதாரணம். மீதி 15 பேர். பெஞ்சில் தாராளமாக ஆள் இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் புது பிட்சர் என்று ஆட்டம் மாறியது. பிட்சர்கள் கூடக் கூட பெஞ்ச் சுருங்கியது. பெஞ்ச் சுருங்கச் சுருங்க, ஒரு ஆளாக வந்து மூன்று ஆள் வேலை பார்ப்பவரின் மதிப்பு ஏறியது.

பென் ஜோப்ரிஸ்ட்: கருத்தை மாற்றிய மனிதர்

இந்த மாற்றத்தின் முகம் யார் என்று கேட்டால் பேஸ்பால் ரசிகர்கள் சொல்லும் பெயர் பென் ஜோப்ரிஸ்ட்.

2006-ல் டேம்பா பே அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாக வந்தவர். முதல் இரண்டு சீசன்களில் பேட்டிங் எடுபடவில்லை. ஷார்ட்ஸ்டாப் இடமும் கையில் நிற்கவில்லை. பெரிய பணக்கார அணியாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். டேம்பாவிடம் பணம் குறைவு, இருக்கிற ஆளை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். மேனேஜர் ஜோ மேடன் அவரை அங்கே இங்கே என்று நிறுத்திப் பார்த்தார்.

2009-ல் அது பலித்தது. மே மாதம் செகண்ட் பேஸ் வீரர் அகினோரி இவாமுராவுக்கு முழங்காலில் அடி. அந்த இடத்தை ஜோப்ரிஸ்ட் எடுத்துக்கொண்டார். தேவைப்பட்ட நாளில் ரைட் ஃபீல்ட். அதுவும் இல்லாத நாளில் வேறு எங்காவது. அந்த ஒரே சீசனில் பிட்சர், கேட்சர் தவிர மற்ற 7 இடங்களிலும் ஆடினார். பேட்டிங் சராசரி .297, ஹோம்ரன் 27. ஆல்-ஸ்டார் அணியிலும் இடம்பிடித்தார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அதுவரை யூட்டிலிட்டி பிளேயர் என்றால் 'எந்த இடத்துக்கும் முழுசாகத் தேறாதவர், அதனால் எல்லா இடத்துக்கும் ஸ்பேர்' என்றுதான் அர்த்தம். ஜோப்ரிஸ்ட் தினமும் ஆடினார், தினமும் வேறு இடத்தில் ஆடினார். மாற்று ஆளாக இல்லாமல், அணியின் முக்கிய பேட்டராகவே இருந்துகொண்டு இதைச் செய்தார்.

2015-ல் கன்சாஸ் சிட்டி அணியோடு வேர்ல்ட் சீரிஸ் வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் சிகாகோ கப்ஸ் அவரை 4 ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அங்கேயும் மேனேஜர் அதே ஜோ மேடன்.

2016 நவம்பர் 2. கிளீவ்லாந்துக்கு எதிராக வேர்ல்ட் சீரிஸ் 7-வது ஆட்டம். 6-6 சமநிலை. மழையால் சிறிது நேரம் ஆட்டம் நின்று, 10-வது இன்னிங்ஸ் தொடங்கியது. ஜோப்ரிஸ்ட் இடது பக்கக் கோட்டை ஒட்டி அடித்த பந்தில் கப்ஸ் முன்னிலை பெற்றது. 8-7 என வெற்றி. 1908-க்குப் பிறகு 108 ஆண்டுகள் காத்திருந்த கோப்பை அது. தொடரின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே.

மேனேஜருக்கு என்ன லாபம்?

காயத்துக்கு மாற்று என்பது ஒரு பாதிதான். தினசரி வியூகம் இன்னொரு பாதி.

பொதுவாக வலதுகை பேட்டருக்கு இடதுகை பிட்சரை அடிப்பது சுலபம். இடதுகை பேட்டருக்கு வலதுகை பிட்சர். அதனால் எதிரணி பிட்சரைப் பார்த்து பேட்டர்களை மாற்றுவார்கள். இன்று வருவது இடதுகை பிட்சர், நம்மிடம் இருக்கும் நல்ல வலதுகை பேட்டர் செகண்ட் பேஸ் மட்டும்தான் ஆடுவார் என்றால்? அங்கே வழக்கமாக நிற்கும் யூட்டிலிட்டி பிளேயரை லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டு, இவரை உள்ளே கொண்டுவரலாம். ஒருவர் நகர்ந்தால் இன்னொருவருக்குக் கதவு திறக்கிறது.

2024-ல் டாட்ஜர்ஸ் செய்தது இதற்குச் சமீபத்திய உதாரணம். ஜூலை கடைசியில் டாமி எட்மன் என்பவரை வாங்கினார்கள். மணிக்கட்டு அறுவை சிகிச்சை, கணுக்கால் காயம் என்று அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 'இவரை எதுக்கு?' என்ற கேள்விக்கு அக்டோபரில் பதில் கிடைத்தது. ஷார்ட்ஸ்டாப் மிகெல் ரோஹாஸுக்குக் காயம். சென்டர் ஃபீல்டில் நின்ற எட்மன் ஷார்ட்ஸ்டாப்புக்கு நகர்ந்தார். நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான அரையிறுதித் தொடரில் 11 ரன்களுக்குக் காரணமாகி, தொடர் நாயகன் விருதையும் வாங்கினார். அந்த ஆண்டு கோப்பையும் டாட்ஜர்ஸுக்கே. நவம்பரில் அவருக்குக் கிடைத்தது 5 ஆண்டுகளுக்கு 7.4 கோடி டாலர் ஒப்பந்தம்.

புதுசு இல்ல... 100 வருஷக் கதை

கியூபாவைச் சேர்ந்த மார்ட்டின் டிஹிகோ 1920-களிலேயே பிட்சிங், பேட்டிங், உள்வட்டம், வெளிவட்டம் என எல்லாவற்றிலும் கலக்கியவர். கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவு மூடியிருந்த காலம் என்பதால் நீக்ரோ லீக், கியூபா, மெக்சிகோ என்று ஆடினார். 1977-ல்தான், அவர் இறந்த பிறகு, அமெரிக்க பேஸ்பால் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது.

1950-களில் நியூயார்க் யாங்கீஸின் கில் மெக்டூகல்ட் செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் மூன்றிலும் மாறி மாறி ஆடியவர். பீட் ரோஸ் 5 வெவ்வேறு இடங்களில் ஆல்-ஸ்டார் ஆனவர்.

1965 செப்டம்பர் 8-ல் கன்சாஸ் சிட்டியின் பெர்ட் கம்பனேரிஸ் ஒரே ஆட்டத்தில் 9 இடங்களிலும் ஆடிய முதல் மேஜர் லீக் வீரர் ஆனார். ரசிகர்களை மைதானத்துக்கு இழுக்கச் செய்த ஏற்பாடு அது. கடைசியாக கேட்சராக உட்கார்ந்தபோது ஓடிவந்த எதிரணி வீரர் மோதி, காயத்தோடு வெளியேறினார். வேடிக்கைக்குக்கூட விலை உண்டு. அவருக்குப் பிறகு இதைச் செய்தவர்கள் 4 பேர். கடைசியாக 2017-ல் டெட்ராய்ட் அணியின் ஆண்ட்ரூ ரோமைன்.

எண்களில் ஏன் முழுசாகத் தெரிவதில்லை?

ஒரு வீரர் அணிக்கு எத்தனை வெற்றி கூட்டித் தந்தார் என்பதை அளக்க 'வார்' என்ற கணக்கு இருக்கிறது. பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். 2009-ல் ஜோப்ரிஸ்டின் எண் 8-க்கும் மேல். அந்த ஆண்டின் மிகச் சிறந்த எண்களில் ஒன்று.

இந்தக் கணக்கில் கடினமான இடத்துக்கு போனஸ் உண்டு. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் முறைப்படி, முழு சீசன் ஷார்ட்ஸ்டாப் ஆடினால் 7.5 ரன் கூடும். ஃபர்ஸ்ட் பேஸ் ஆடினால் 12.5 ரன் கழியும். இரண்டுக்கும் 20 ரன் வித்தியாசம். சுமார் 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது பொதுவான கணக்கு. ஆக, ஒரே மாதிரி அடிக்கும் இருவரில் ஷார்ட்ஸ்டாப்பின் மதிப்பு 2 வெற்றி அதிகம்.

யூட்டிலிட்டி பிளேயருக்கு ஒவ்வொரு இடத்திலும் ஆடிய அளவுக்கு இது சேரும். சரி. ஆனால் அவர் இருந்ததால் பெஞ்சில் ஒரு அதிரடி பேட்டரை வைத்துக்கொள்ள முடிந்ததே, அது யார் கணக்கில் போகும்? அவர் கணக்கில் போகாது. அந்த பேட்டர் கணக்கில் போகும். ஷார்ட்ஸ்டாப்புக்கு அடிபட்ட நாளில் அணி தடுமாறாமல் இருந்ததே, அது யார் கணக்கிலும் போகாது. அணி நிர்வாகங்கள் இவர்களுக்குப் பணம் கொடுப்பது எண்ணில் தெரியும் மதிப்புக்கு மட்டும் இல்லை, தெரியாத இந்த மதிப்புக்கும்தான்.

65 வருஷம் காத்திருந்த விருது

சிறந்த ஃபீல்டர்களுக்கான 'கோல்டு குளவ்' விருது 1957-ல் தொடங்கியது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விருது. பல இடத்தில் ஆடுபவருக்கு? எந்த இடத்திலும் போதுமான ஆட்டங்கள் இருக்காது, அதனால் விருதும் இருக்காது.

2022-ல்தான் யூட்டிலிட்டி பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் வெற்றியாளர்கள் யாங்கீஸின் டி.ஜே.லமேஹ்யூ, செயின்ட் லூயிஸின் பிரெண்டன் டோனோவன். 2023-ல் இந்தப் பிரிவில் வென்ற சான் டியாகோவின் கிம் ஹா-சியோங், கோல்டு குளவ் வாங்கிய முதல் கொரிய வீரர்.

ஸ்டார்களும் இடம் மாறுகிறார்கள்

டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் ரைட் ஃபீல்டில் 6 கோல்டு குளவ் வென்றவர். அந்த இடத்தில் உலகிலேயே சிறந்தவர்களில் ஒருவர். 2024-ல் அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பில் ஆள் தேவைப்பட்டது, அங்கே போனார். கை எலும்பு முறிந்து திரும்பியபோது ரைட் ஃபீல்டில் ஆள் தேவைப்பட்டது, அங்கே வந்தார். 2025-ல் முழுநேர ஷார்ட்ஸ்டாப். 30 வயதைத் தாண்டிய பிறகு, மைதானத்தின் கஷ்டமான இடங்களில் ஒன்றுக்கு மாறிய சூப்பர் ஸ்டார்.

ஆனால்... வீரருக்கு என்ன கிடைக்கிறது?

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்பார்கள். யூட்டிலிட்டி பிளேயரின் பயமும் அதுதான். இன்று எங்கே நிற்கப்போகிறோம் என்பதே மைதானத்துக்கு வந்து பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு இடத்தில் 500 ஆட்டம் நின்றவருக்கு வரும் பழக்கம் இவருக்கு வராது. ஷார்ட்ஸ்டாப்பில் தவறவிட்டால் 'இவர் ஷார்ட்ஸ்டாப் இல்லையே' என்பார்கள், வெளிவட்டத்தில் தவறவிட்டால் 'இவர் வெளிவட்ட ஆள் இல்லையே' என்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், எல்லா இடத்துக்கும் மாற்றாக இருப்பவருக்கும் மாற்று வந்துவிடும் என்பது.

கிறிஸ் டெய்லர் கதையைப் பாருங்கள். டாட்ஜர்ஸில் உள்வட்டம், வெளிவட்டம் எல்லாம் ஆடியவர். 2021-ல் அட்லாண்டாவுக்கு எதிரான அரையிறுதித் தொடரில் ஒரே ஆட்டத்தில் 3 ஹோம்ரன் அடித்தவர். அந்த ஆண்டு டிசம்பரில் 4 ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு பேட்டிங் சரிந்தது. 2025 மே மாதம் எட்மன் காயத்திலிருந்து திரும்ப, 26 பேரில் ஒரு இடம் காலி செய்ய வேண்டி வந்தது. விடுவிக்கப்பட்டவர் டெய்லர். அணியில் தங்கியவர்களில் ஒருவர் கிம் ஹே-சியோங். கொரிய லீக்கில் ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ் இரண்டிலும் விருது வென்று, அமெரிக்கா வந்து சென்டர் ஃபீல்டும் கற்றுக்கொண்டவர். டெய்லரைவிட இளையவர், சம்பளமும் குறைவு.

ஆக, டெய்லரின் வேலைக்கு வந்தவர்களும் யூட்டிலிட்டி பிளேயர்களே. 26 பேர் கணக்கு ஒருவரை உயர்த்துவதும் அதே காரணத்துக்காகத்தான், கழற்றிவிடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

சுருக்கமாகச் சொன்னால்...

- பெஞ்சில் 4 பேர் மட்டுமே என்பதால், பல இடத்தில் ஆடுபவர் ஒரே இடத்தை அடைத்துக்கொண்டு மூன்று பேர் வேலையைச் செய்கிறார்.
- அவர் நகர்வதால்தான் மற்ற நல்ல பேட்டர்களுக்கு வாய்ப்பு கிடைக்கிறது.
- இந்த மதிப்பில் ஒரு பகுதி எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.
- பேட்டிங்கும் சேர்ந்து இருந்தால்தான் நிலைக்க முடியும். பல இடம் தெரிந்திருப்பது மட்டும் போதாது.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு பேஸ்பாலும் திரும்புகிறது. அப்போது டி.வி-யில் ஆட்டம் பார்க்கும்போது, 7-வது இன்னிங்ஸில் ஒருவர் கையுறையை மாற்றிக்கொண்டு உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு ஓடுவதைக் கவனித்தால், அந்த ஆள் மீது ஒரு கண் வையுங்கள். அவர் நகர்ந்ததால் உள்ளே வந்தவர் யார் என்றும் பாருங்கள்.